வலுவூட்டிய ஒயினும் சாக்லேட்டும்

வலுவூட்டிய ஒயின் என்பது, நொதித்துக்கொண்டிருக்கும் திராட்சைச் சாற்றிலோ நொதித்து முடிந்த ஒயினிலோ திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹாலைக் கூட்டிய மது. போர்த்துகலின் போர்ட், மதீரா, ஸ்பெயினின் ஷெர்ரி, தென் பிரான்சின் பன்யூல்ஸ் ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் இவற்றைச் சாக்லேட்டோடும் பண்டிகை இனிப்புகளோடும் சிறு கிண்ணங்களில் பரிமாறும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு.

இந்தப் பொருத்தத்தின் காரணம் தயாரிப்பு முறையிலேயே இருக்கிறது. 1756-இல் போர்த்துகல் அமைச்சர் போம்பால் பிரபுவின் ஆட்சியில் ஒயின் பகுதியாக எல்லை வகுக்கப்பட்ட டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கில், போர்ட்டுக்கான சாறு இரண்டு மூன்று நாள் நொதித்ததும் ஏறத்தாழ 77 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட சாராயத்தை அதில் ஊற்றுகிறார்கள். ஈஸ்ட் அதைத் தாங்காமல் செத்துவிடுகிறது. நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை, லிட்டருக்குச் சுமார் 100 கிராம், ஒயினிலேயே தங்கிவிடுகிறது. சாதாரணச் சிவப்பு ஒயினிலோ சர்க்கரை மிகச் சொற்பம். ஜாங்கிரி தின்ற வாய்க்குக் காபியில் சர்க்கரையே போடாததுபோலத் தோன்றும் அல்லவா? சாக்லேட்டுக்குப் பின் அந்த ஒயினும் அப்படித்தான், வெறும் புளிப்பும் துவர்ப்புமாகப் படுகிறது. ஒயினின் இனிப்பு பண்டத்தின் இனிப்புக்குக் குறையக் கூடாது என்பது இதனால் ஏற்பட்ட விதி. கோகோ வெண்ணெய் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் குறைவான சூட்டிலேயே உருகி நாக்கில் படியும். கூடுதலான ஆல்கஹால் அந்தப் படலத்தை அலசிக் கொடுக்கிறது.

கறுப்புச் சாக்லேட்டுக்கு ரூபி போர்ட்டும் பன்யூல்ஸும் ஏற்றவை. அவற்றின் பழச்சுவை கோகோவின் கசப்புக்கு ஈடுகொடுக்கும். பால் சாக்லேட்டுக்கு டானி போர்ட்டைவிட நல்ல துணை இல்லை. ஓக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து காற்றுப்பட்டு நிறம் வெளுத்த இந்த ஒயினில், வறுத்த கொட்டை, உலர்பழம், காய்ச்சிய சர்க்கரை ஆகியவற்றின் மணம் ஏறியிருக்கும். கேரமல் மிட்டாய்க்கும் இதுவே பொருந்தும். வெயிலில் காயவைத்த திராட்சையிலிருந்து எடுக்கும் பெத்ரோ ஹிமேனஸ் ஷெர்ரி பாகுபோல ஓடும். சிலவற்றில் சர்க்கரை லிட்டருக்கு 400 கிராமைத் தொடும். அதற்கு மிகக் கசப்பான சாக்லேட்தான் தாங்கும்.

ஊர்ப் பண்டத்துக்கு ஊர் ஒயின் என்ற சேர்க்கைகளில் தவறு நேர்வது அரிது. தேனும் வறுத்த பாதாமும் சேர்ந்த ஸ்பெயினின் துரோன், கடலைமிட்டாய்க்குத் தூரத்து உறவு. அதற்கு இனிப்பு ஷெர்ரி. மதீரா தீவில் வெல்லப்பாகு ஊற்றிச் செய்யும் பண்டிகைக் கேக்கைத் தீவின் ஒயினோடு உண்கிறார்கள். அந்த ஒயின் சூட்டில் பக்குவப்படுவது. இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் வெப்ப மண்டலத்தைக் கடந்து திரும்பிய பீப்பாய்களுக்கு ஒரு காலத்தில் தனி மதிப்பு இருந்தது. பின்னர் அந்தச் சூட்டைத் தீவிலேயே செயற்கையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

புதினா மிட்டாய் மட்டும் எதனோடும் சேராது. மென்தாலின் குளிர்ச்சி ஒயினின் மணத்தை அமுக்கிவிடுவதால் அதைத் தனியே தின்பதே நல்லது.

டானியைச் சற்றுக் குளிர்வித்தும், ரூபியை அதைவிடக் குறைந்த குளிர்ச்சியிலும் பரிமாற வேண்டும். திறந்த டானி சில வாரம் கெடாது. புட்டியிலேயே முதிர்ந்த விண்டேஜ் போர்ட் ஓரிரு நாளில் சுவை மங்கிவிடும்.