கேளாமல் வந்த அன்னம்

திருக்குறளில் ‘இரவு’ என்றோர் அதிகாரத்தை வைத்து, அதற்கு அடுத்த அதிகாரமாகவே ‘இரவச்சம்’ என்பதையும் வைத்திருப்பதைக் காணும்போது, இல்லாதவன் படும் பாட்டையும், கை நீட்டுகிறவன் மனத்தில் எழும் கூச்சத்தையும் ஒருசேர அறிந்த ஒரு சமூகம் நம்முடையது என்பது விளங்குகிறது. அந்தக் கூச்சத்தைக் கடந்துதான் எந்தத் தர்ம ஸ்தாபனமும் நடைபெற வேண்டியிருக்கிறது. கிறிஸ்தவ சபையும் இதற்கு விலக்கன்று. ஆராதனை வேளையில் சுற்றி வரும் காணிக்கைப் பையும், அறுப்பின் பண்டிகையில் ஏலம் போகும் வாழைத்தாரும், உலை வைக்கும்போது தாய்மார் சபைக்கென்று எடுத்து வைக்கும் பிடியரிசியும் இல்லாமல் தென்பாண்டி நாட்டில் பல ஆலயங்கள் எழும்பியிருக்கமாட்டா. ஆனால், இந்தப் பொது வழக்கத்துக்கு அருகிலேயே, தேவனுடைய அன்பை நம்பி, வேண்டியதை அவரிடம் மட்டுமே கேட்டு, மனிதர் ஒருவரிடமும் வாய் திறவாமல் இருப்பது என்ற விசித்திரமான விரதம் ஒன்றும் மெல்லிய நீரோடைபோல ஓடி வந்திருக்கிறது. அதன் ஊற்றுக்கண் ஜெர்மனியில் இருக்கிறது. அதன் கிளைகளில் இரண்டு நம் திருநெல்வேலிச் சீமையை நனைத்திருக்கின்றன.

ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்கு அருகே குருவாக இருந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, 1695ஆம் ஆண்டில் தம் வீட்டுத் தர்மப் பெட்டியில் நாலு தாலரும் பதினாறு குரோஷனும் விழுந்திருக்கக் கண்டு, அதுவே ஒரு பள்ளிக்கூடம் தொடங்கப் போதிய மூலதனம் என்று துணிந்தார். மூன்றாண்டுகளில், 1698இல், பெரியதோர் அநாதைச் சாலைக்கு அஸ்திவாரம் இடப்பட்டது. அதன் முகப்பின் உச்சியில், கர்த்தருக்குக் காத்திருப்பவர்களைப் பற்றி ஏசாயா தீர்க்கதரிசி கூறியதை நினைவூட்டும்படி, சூரியனை நோக்கி எழும்பும் இரண்டு கழுகுகளைச் செதுக்கி வைத்தார்கள். கழுகுகளை முகப்பில் வைத்த அதே பிராங்கே, கட்டடத்துக்குள் மருந்துச்சாலையையும் அச்சகத்தையும் புத்தகக் கடையையும் ஏற்படுத்தி, அவற்றின் வருமானத்தால் பிள்ளைகளைப் பராமரித்தார் என்பதையும் மறத்தலாகாது. அந்த ஹாலேயில் கல்வி பயின்ற சீகன்பால்கு ஐயர்தாம், 1706 ஜூலையில் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துக்கள் கடல் கடந்து வந்து சேர, 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறிற்று. ஹாலேயின் விசுவாசம் தமிழகத்தை வந்தடைந்த முதல் வழி இது.

இரண்டாவது வழி சுற்று வழி. இங்கிலாந்தைத் தொட்டு வந்த வழி. பிரஷியாவில் 1805இல் பிறந்த ஜார்ஜ் முல்லர், ஹாலேயில் ஏழை மாணாக்கராக இருந்த காலத்தில் பிராங்கேயின் அநாதைச் சாலையிலேயே சிலகாலம் இலவசமாகத் தங்கியவர். பின்னர் இங்கிலாந்து சென்று குருத்துவ ஊழியத்தில் அமர்ந்த அவர், 1830இல், ஆலய இருக்கைகளுக்கு வசூலிக்கும் வாடகையிலிருந்து தமக்கு வந்துகொண்டிருந்த நிரந்தர ஊதியத்தை வேண்டாமென்று விட்டார். பிரிஸ்டல் நகரில், 1836 ஏப்ரலில், முப்பது பெண்பிள்ளைகளுக்கென்று ஒரு வாடகை வீட்டில் அவர் தொடங்கிய அநாதைச் சாலை, 1870க்குள் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெருங்கட்டடங்களாகி, இரண்டாயிரத்து ஐம்பது பிள்ளைகளுக்கு இடமளித்தது. பிள்ளைகளுக்குச் சோறும் உடையும் கொடுப்பது தம் முதல் நோக்கமன்று என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்: வறுமைக்கு அஞ்சி நாள்தோறும் பதினாலு, பதினாறு மணி நேரம் உழைத்து, ஜெபிக்கவும் நேரமின்றி உடல் தேய்ந்துபோன தொழிலாளர்களை அவர் கண்டிருந்தார், தேவன் இன்றும் உண்மையுள்ளவர் என்பதற்குக் கண்கூடான சாட்சி ஒன்றை அவர்கள் முன்னே நிறுத்த வேண்டும் என்பதே அவர் நோக்கம்.

“ஆண்டறிக்கை வெளியிட்டு வரவு செலவைச் சொல்வதும் ஒருவகை யாசகம் ஆகாதோ?” என்ற வினா எவர்க்கும் எழக்கூடியதே. முல்லர் அதை அறியாதவரல்லர். 1841 டிசம்பரில், கையிருப்பு மிகவும் இளைத்திருந்த வேளையில், வழக்கமான பொதுக்கூட்டத்தையும் அறிக்கையையும் அவர் தள்ளிவைத்தார். இல்லாமை உள்ள நேரத்தில் இல்லாமையை எடுத்துரைப்பது மறைமுகமாகக் கை நீட்டுவதாகும் என்பது அவர் கருத்து. கேளாதிருப்பதற்கு எவ்வளவு கணக்கு வேண்டியிருக்கிறது என்பதை அவருடைய பேரேடுகள் காட்டுகின்றன. நம்பிக்கை என்றால் சோம்பல் என்று எண்ணுகிறவர்கள் ஒருமுறை அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

முல்லருடைய மனைவி மேரியின் சகோதரர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ். எக்ஸிட்டர் நகரில் செழிப்பாகப் பல் வைத்தியம் செய்துவந்த அவர், அதை விடுத்து, எந்தச் சங்கத்தின் ஊதியமும் இன்றி 1829இல் பாக்தாத்துக்குப் புறப்பட்டார்; 1831இல் அந்நகரத்தைச் சூறையாடிய கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். அன்பே உருவான தேவனை நம்பி வந்தவனுக்கு இது நேரலாமா என்று கேட்பார் கேட்கலாம். அவரோ நம்பிக்கையைக் கைவிடாமல், 1833இல் இந்தியாவுக்கு வந்தார். இங்கே அவருக்கு வாய்த்த துணைவர்தாம் அருளப்பன்.

திருநெல்வேலியைச் சேர்ந்த உக்கிரன்கோட்டையில் 1810இல் பிறந்து, பாளையங்கோட்டையில் மிஷனெரி ரேனியஸ் ஐயரிடம் பயின்ற ஜான் கிறிஸ்தியான் அருளப்பன், குரோவ்ஸுக்கு மொழிபெயர்ப்பாளராக உடன் சென்றவர். பிரிந்து போகும் வேளையில், அந்த மொழிபெயர்ப்பு உழைப்புக்காக மாதந்தோறும் ஒரு தொகை ஏற்படுத்த குரோவ்ஸ் விரும்பினார், அருளப்பன் மறுத்துவிட்டார். ஒரு சுதேசி இப்படி மறுப்பதும் உண்டோ என்ற வியப்போடு குரோவ்ஸ் அதை எழுதி வைத்தார். சுதேசியைப் பற்றி அந்நாளில் வெள்ளைக்காரர் என்ன எண்ணியிருந்தார்கள் என்பதற்கு அந்த வியப்பே சான்று. ஆனால் அருளப்பன் கூறிய காரணம் நம் கிராமத்தை அறிந்தவர்க்கே தோன்றக்கூடியது: சம்பளம் வாங்கினால், கூலிக்காகப் பிரசங்கம் செய்கிறான் என்று ஜனங்கள் சொல்வதை நிறுத்தமாட்டார்கள் என்பதே அது.

இந்த ஒரு காரணத்தில் ஒரு யுகத்தின் கதை அடங்கியிருக்கிறது. அந்நாளில் உபதேசியார் என்றால் மிஷனின் மாதச் சம்பளக்காரர்; அவர் மேலே துரை, துரைக்கு மேலே கடல் கடந்த சங்கம். பிரிஸ்டலில் முல்லர் ஊதியத்தை விட்டபோது அது பக்தியின் தியாகமாக இருந்தது. திருநெல்வேலியில் அருளப்பன் அதை விட்டபோது, பக்தியோடு சுயமரியாதையும் சேர்ந்துகொண்டது. பரலோகப் பிதா தம்மை நேசிக்கிறார் என்பதை மெய்யாகவே நம்புகிறவன், அந்த நேசத்துக்கும் தனக்கும் நடுவே எஜமானன் ஒருவனை நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்பதை அவர் உபதேசமாகச் சொல்லாமல் வாழ்க்கையாகவே நடத்திக் காட்டினார். 1840 வாக்கில் வத்திராயிருப்புப் பக்கத்தில் அவர் ஏற்படுத்திய கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரிலிருந்து, 1860இல் எழுந்த ஆவிக்குரிய எழுப்புதல், திருநெல்வேலி நாட்டு ஊர்களில் வேகமாகப் பரவிற்று. அதை முன்னின்று நடத்தியவர்கள் இந்நாட்டு மக்களே. தம் நாட்குறிப்பை விட்டுச் சென்ற அருளப்பன் 1867இல் மறைந்தார்.

அடுத்த கிளை டோனாவூர். மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், ரேனியஸ் ஐயருக்கு உதவிய டோனா என்னும் ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் வழங்கும் இந்த ஊருக்கு, 1901இல் அயர்லாந்துப் பெண்மணி ஏமி கார்மைக்கேல் வந்து சேர்ந்தார். ஆபத்திலிருந்து தப்பி அடைக்கலம் தேடி வந்த ஒரு சிறுமியை அவர் அதே ஆண்டில் ஏற்றுக்கொள்ள, நாளடைவில் அந்த வீடு நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் வீடாயிற்று. முல்லரைப் போலவே பணத்துக்காக எவரிடமும் விண்ணப்பிப்பதில்லை என்று அவரும் விதித்துக்கொண்டார். 1931இல் விழுந்து காயமுற்று, இறுதிவரை ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கிடந்த அவருக்கு, கேட்டதெல்லாம் கிடைத்தது என்று சொல்ல முடியாது. சுகம் கேட்டார், அது வரவில்லை. ஆயினும் பிள்ளைகளின் அடுப்பு அணையவில்லை.

1951இல் மறைந்த அவருடைய கல்லறைக்குப் பெயர்க்கல் கிடையாது. அவரே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ‘அம்மை’ என்ற ஒரே சொல் பொறித்த, பறவைகள் நீருண்ணும் தொட்டி ஒன்றைப் பிள்ளைகள் அங்கே வைத்தார்கள். ஹாலேயின் முகப்பில் சூரியனை நோக்கி எழும்பிய கல் கழுகுகளிலிருந்து புறப்பட்ட இந்தச் சரித்திரம், டோனாவூரில் தாகத்தோடு வந்திறங்கும் சிறு குருவிகளிடம் வந்து சேர்கிறது. குருவி யாரிடமும் விண்ணப்பம் எழுதுவதில்லை என்பது மெய். தொட்டி தானாக நிறைவதில்லை என்பதும் மெய். கேளாதிருந்தவர்களின் கதையைச் சொல்லும்போது, கேளாமலே கொடுத்து, பெயரும் பதியாமல் போன அந்த நீர் ஊற்றிய கைகளையும் நாம் சேர்த்தே நினைக்க வேண்டும்.