பனித்துகளைப் படம்பிடித்த உழவர்

தமிழர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்து, அவற்றுள் இரண்டிற்கு முன்பனி, பின்பனி எனப் பெயரிட்டனர். ஆயினும் அப்பெயர்களில் வரும் பனி, புல்லின் நுனியில் முத்தெனத் தங்கும் நீர்த்துளியேயாகும். குளிர்நாடுகளில் வானினின்று பஞ்சுத்துகள் போல் இறங்கி, கூரையையும் வயலையும் முழங்காலளவு மூடிவிடும் வெண்பனியை நம் முன்னோருட் பெரும்பாலார் கண்டாரில்லை. இமயம் அதனைச் சுமந்து நிற்பதாகக் கேள்வியுற்றதே மிகுதி. ஆகவே துளி, மூடுபனி, உறைபனி, வெண்பனி ஆகிய யாவற்றிற்கும் பனி என்னும் ஒரே சொல் நம்மிடத்தில் வேலை செய்கின்றது. தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் நமக்கோ வெயில், மழை என்னும் இரண்டே பருவங்கள். ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற நம்மவர் வெண்பனியைப் பற்றிய பாட்டுக்களை நெட்டுருச் செய்து ஒப்பித்ததுண்டு. ஒப்பித்த பிள்ளையும் அதனைக் கண்டதில்லை. கேட்டிருந்த ஆசிரியரும் கண்டதில்லை.

அவ்வெண்பனியின் உண்மை உருவத்தை உலகத்தார் கண்ணெதிரே கொணர்ந்து வைத்தவருள் தலைசிறந்தவர் ஒரு கலாசாலைப் பேராசிரியர் அல்லர். படம்பிடித்தலைப் பிழைப்பாகக் கொண்டவரும் அல்லர். மாடு கறந்தும் வைக்கோல் உலர்த்தியும் வாழ்க்கை நடத்திய ஓர் உழவர் அவர். வில்சன் பென்ட்லி என்பது அவர் பெயர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வடகிழக்கில் வெர்மாண்ட் என்றொரு சிறு மாநிலமுண்டு. மலைப்பாங்கான அம்மாநிலத்தில், ஜெரிக்கோ என்னும் சிற்றூரில், 1865ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் பென்ட்லி பிறந்தார். பதினான்கு வயது வரையில் அவர் பள்ளிக்கூடம் சென்றாரில்லை. அதற்காக அவர் கல்லாதவராய் வளர்ந்தார் எனக் கருதிவிடலாகாது. அவருடைய அன்னையார் திருமணத்திற்கு முன் ஆசிரியையாகப் பணிபுரிந்தவர். தாம் கற்றவற்றையெல்லாம் வீட்டிலேயே மகனுக்குக் கற்பித்தார். பள்ளியிற் பயன்படுத்திய சிறியதொரு மைக்ராஸ்கோப் அவரிடம் இருந்தது. மகனின் பதினைந்தாம் பிறந்தநாளன்று அதனை அவன் கையிற் கொடுத்தார். பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று வினவுவோர் அந்த ஒரு பிறந்தநாளை நினைத்துப் பார்ப்பார்களாக.

ஒத்த வயதுச் சிறுவர் பந்தும் கவணும் கொண்டு திரிகையில், இவர் அக்கருவியின்கீழ்ப் பறவையிறகையும் மலரிதழையும் வைத்து நோக்குவார். ஒருநாள் வெண்பனித் துகளொன்றை வைத்து நோக்கினார். பிறகு வேறொன்றிலும் அவருடைய மனம் நிலைக்கவில்லை. மூன்று குளிர்காலம் துகள்களைப் பார்த்துப் பார்த்துக் கையால் வரைந்தார். ஆனால் வரைந்து முடிப்பதற்குள் ஒவ்வொன்றும் உருகி நீராயிற்று. பார்த்தது தமக்கு மட்டுமே தெரிந்து, பிறர்க்குக் காட்ட வழியின்றி மறைந்துபோவதை அவரால் பொறுக்க முடியவில்லை. மைக்ராஸ்கோப்புடன் காமிராவை இணைத்துப் படம் எடுக்கலாம் என எங்கோ படித்தறிந்து, தந்தையாரை வேண்டினார். கருவிகளின் விலை நூறு டாலர்! மாடு வாங்கும் பணத்தைப் பனித்துகளுக்குக் கொடுப்பதா என அவ்வுழவர் தயங்கியதில் வியப்பில்லை. அன்னையார் எடுத்துரைத்ததன் மேல், மகனுக்குப் பதினேழு வயதாகையில் அவர் வாங்கிக் கொடுத்தார். ஆனால் அது வீண் வேலை என்னும் எண்ணத்தை அவர் மாற்றிக்கொண்டாரில்லை.

அவர் படம்பிடிக்கப் புறப்படும் காலம் இலையுதிர் பருவத்தே தொடங்கும். செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் அந்நாட்டு மேப்பிள் மரங்கள் செம்பொன் நிறமெய்தி உதிரும். வெளியூரார் அம்மலைச்சாரலின் வண்ணத்தைக் காணக் கூடுவர். பென்ட்லியோ குனிந்து நிலத்தை நோக்குவார். காற்றடங்கி வானம் தெளிந்த இரவுகளில், பகலெல்லாம் பெற்ற வெப்பத்தை நிலம் வானிற்கு விட்டுக் குளிர்கின்றது. அதனைத் தொடும் காற்றிலுள்ள நீராவி புல்லிலும் இலையிலும் துளியாகப் படிகின்றது. அத்துளிகள் சிலந்திவலையிற் கோத்த மணிகளாய் நிற்பதை, கதிரவன் எழுந்து உலர்த்துமுன் அவர் படமெடுத்தார். பால்மரத்து நிரைகளினிடையே விடியற்காலையில் நடந்து பழகியவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. பெரட்டுக்கு விரைந்தோர் எத்துணையோ பேர் அவ்வலைகளைத் தலைப்பாகையால் துடைத்துக்கொண்டே போயிருக்கின்றனர்!

குளிர் மிகுந்து, நீர் உறையும் நிலைக்குக் கீழே இறங்குமாயின், நீராவி துளியாகாமல் நேரே பளிங்காகப் படியும். அதுவே உறைபனி. வீட்டுச் சன்னற் கண்ணாடியில் அது பெரணி இலை போலவும் மயிற்றோகை போலவும் கிளைத்துப் படரும். அதனையும் அவர் விட்டாரில்லை. பிறகு முதல் வெண்பனி விழும். அப்பொழுது அவருக்கு உண்மையான அறுவடைக்காலம் பிறக்கும்.

அவருடைய ஆராய்ச்சிச்சாலை வீட்டின் பின்புறத்து விறகுக் கொட்டகை. அங்கே கணப்பு இல்லை, இருத்தலும் கூடாது. புறத்தே எத்துணைக் குளிரோ அத்துணைக் குளிர் உள்ளேயும் இருந்தாலன்றித் துகள் நிலையாது. காமிராவையும் மைக்ராஸ்கோப்பையும் ஒரே நேர்கோட்டிற் படுக்கையாகப் பொருத்திச் சன்னல் வெளிச்சத்தை நோக்கி வைத்திருப்பார். புயல் வீசத் தொடங்கியதும், கருமை பூசிய பலகையொன்றை ஏந்தி வாயிலில் நிற்பார். கையின் சூடு பலகையில் ஏறாவண்ணம் அதற்குக் கம்பியாற் கைப்பிடிகள் அமைத்திருந்தார். விழுந்த துகள்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் விரைந்து பார்ப்பார். சிதைந்தவற்றை இறகால் துடைத்தெறிவார். தேறியது ஒன்று கிடைத்தால், துடைப்பக்குச்சி முனையில் அதனை ஒற்றியெடுத்துக் கண்ணாடிச் சில்லில் இறக்கி, இறகின் ஓரத்தால் மெல்ல அழுத்திப் படியச் செய்வார். இவ்வளவையும் செய்து முடிக்கும் வரையில் மூச்சை அடக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஒருமுறை மூச்சு விட்டால் துகள் இல்லை! பின்னர் வெளிச்சத்திற்குத் தக்கவாறு பத்து வினாடி முதல் ஒன்றரை நிமிடத்திற்கு மேலும் ஒளியைத் தகட்டில் விழவிடுவார். கையுறையோடு திருகாணியைத் திருப்ப இயலாமையாலும், படம் தெளியுமாறு கண்ணாடித் திரையின் பக்கம் நின்றே சரிசெய்ய வேண்டியிருந்ததாலும், சக்கரமும் கயிறும் கொண்டு தாமே ஒரு பொறி அமைத்துக்கொண்டார்.

முதலில் வந்த படங்கள் யாவும் மங்கலாகவே இருந்தன. ஒளி புகும் துளையை மிகச் சிறிதாக்கி நேரத்தை நீட்டினால் ஓரங்கள் கூர்மையுறும் என்பதைப் பலகாலும் தோற்றே கற்றார். 1885ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், அவர் கருதியவாறு ஒரு துகளின் உருவம் தகட்டில் விழுந்தது. அப்போது அவருக்கு இருபது வயது நிறையவில்லை. அன்று முதல் 1931 வரை அவர் எடுத்தவை 5,000க்கு மேற்பட்டவை. நாற்பத்தேழு குளிர்காலங்களுக்கு அதனைப் பகுத்தால், ஒரு குளிர்காலத்திற்கு ஏறத்தாழ நூறு படங்களே வரும். பல மாதக் காத்திருப்பிற்கு நூறு கண்ணாடித் தகடுகள்! தீண்டாது கழிந்த புயல்களும் இரவில் வீணே பொழிந்தவையும் அக்கணக்கில் இல்லை.

பதின்மூன்று ஆண்டுகள் இவ்வேலை வெளியுலகம் அறியாமல் நடந்தது. 1898இல், வெர்மாண்ட் சர்வகலாசாலைப் பேராசிரியராகிய பெர்க்கின்ஸ் என்பார் துணைநிற்க, பென்ட்லியின் முதற் கட்டுரை வெளிவந்தது. பிறகு அரசாங்க வானிலை இலாகாவின் மாத இதழில் அவர் தாமே எழுதினார். படமொன்று ஐந்து காசு விலைக்குப் பள்ளிகளுக்கும் பொருட்காட்சிச்சாலைகளுக்கும் அனுப்பினார். அணிகலன் செய்வோரும் துணி நெய்வோரும் கோலம் வேண்டி வாங்கினர்.

புகழ் வருமிடத்து வழக்கும் வருமன்றோ? சன்னல் வெளிச்சம் ஊடுருவ எடுத்த படத்தில், துகளும் வெண்மை, அதன் பின்புலமும் வெண்மையாகவே அமையும். அது கண்ணுக்கு எடுக்கவில்லை. ஆகவே மூலத் தகட்டினின்று ஒரு படி எடுத்து, அப்படியில் துகளின் ஓரத்தை ஒட்டியிருந்த மருந்துப்படலத்தைக் கூரிய கத்தியால் மணிக்கணக்கிற் சுரண்டியெடுத்தார். அவ்விடம் தாளிற் கருமையாகப் பதியும். துகள் வைரமென ஒளிரும். ஜெர்மனியில் இத்துறையிற் பெயர்பெற்ற ஹெல்மன் என்னும் அறிஞர் இதனைக் கண்டித்தார். நாய்ஹாஸ் என்னும் ஜெர்மானியர் எடுத்த படங்களைக் கொண்டு 1893இலேயே ஒரு நூல் வெளியிட்டவர் அவர். அப்படங்களில் ஒழுங்கற்றனவும் குறைபட்டனவும் மிகுதி. பென்ட்லியின் துகள்களோ யாவும் ஆறு கதிரும் அளவொத்த அழகிகள். கத்தி ஓரத்தைத் தொட்டபின் அதனை இயற்கையின் உருவம் எனக் கொள்வதெங்ஙனம் என்பது கேள்வி.

இவ்வழக்கில் இரு பக்கத்திலும் நியாயம் உண்டென்றே தோன்றுகின்றது. துகளின் உள்ளமைப்பிற் பென்ட்லி கைவைத்தாரில்லை, மூலத்தகடுகளையும் அழித்தாரில்லை. செய்ததை மறைக்கவும் இல்லை. ஆதலின் வஞ்சனை என்பது பொருந்தாது. ஆனால் பலகையில் விழுந்த நூற்றில் எதனை இறகால் துடைத்தெறிந்தார், எதனை வைத்துக்கொண்டார் என்பதுதான் பெரிய செய்தி. அழகியவற்றையே அவர் தெரிந்தெடுத்தார். அதனால், வானினின்று விழுவன யாவும் ஒழுங்குற்ற அறுகோண மலர்களே என்றொரு மயக்கம் உலகத்தில் நிலைபெற்றது. உண்மையில் ஒடிந்தும் கூடியும் கோணியும் விழுவனவே பெரும்பாலன. ஐயாயிரம் முறை மூச்சடக்கச் செய்த அதே காதலே, அழகில்லாதவற்றைத் துடைத்தெறியவும் செய்தது.

ஆறு கதிர் எதற்காக? 1611இல் கெப்ளர் என்னும் வானநூலார் இவ்வினாவை எழுப்பி ஒரு சிறுநூல் எழுதினார். முடிவு காண அவரால் இயலவில்லை. நீரின் அணுத்திரளைகள் உறையும்போது அறுகோண அடுக்காகவே பொருந்துகின்றன என்பது இருபதாம் நூற்றாண்டில் எக்ஸ் கதிர் கொண்டு தெளியலாயிற்று. இனி, ஒன்று போல் மற்றொன்று இல்லை என்னும் பேச்சு பென்ட்லியாலேயே உலகெங்கும் பரவியது. மேகத்தினின்று இறங்குங்கால் ஒவ்வொரு துகளும் வெவ்வேறு குளிரும் ஈரமும் உள்ள காற்றடுக்குகளைக் கடக்கின்றது. ஒவ்வோர் அடுக்கும் அதன்மேல் ஒரு வளர்ச்சியைச் சேர்க்கின்றது. இருவர் ஒரே வழியே ஒரே கணத்தில் நடப்பதெங்ஙனம்? துகளின் உருவத்தைக் கொண்டே மேலிருக்கும் காற்றின் நிலையை அறியலாம் என அவ்வுழவர் அன்றே எழுதினார்.

வெண்பனி இல்லாத நாட்டார்க்கும் அவர் ஒன்று விட்டுச் சென்றிருக்கின்றார். மழைத்துளியின் பருமனை அளப்பது எப்படி? 1898 முதல் 1904 வரை அவர் செய்தது இது: தட்டத்தில் ஓரங்குல உயரம் மாவைப் பரப்பி, மழையிற் சில கணம் நீட்டினார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவுருண்டையாயிற்று. அளவறிந்த துளிகளையும் அவ்வாறே விழவிட்டு ஒப்பிட்டுத் துளியின் அளவைக் கணித்தார். மிகப் பெரியது ஏறத்தாழக் கால் அங்குலம். மாவும் தட்டும் இல்லாத அடுக்களை ஏது? ஆயினும் அவருக்கு முன்னர் இதனை இவ்வளவு முறையாகச் செய்தவர் அரியர். 1943இல் அமெரிக்க மண்காப்பு ஆராய்ச்சியாளராகிய லாஸ், பார்சன்ஸ் என்போர், மழை மண்ணை அரிக்கும் வலிமையை அறியும்பொருட்டு இம்மாவு முறையையே கைக்கொண்டனர். மேட்டுநிலத் தோட்டங்களில் மேல்மண் அடித்துச் செல்லப்படாவண்ணம் மூடுபயிர் வளர்ப்பதன் காரணத்தை அறிய விரும்புவோர் இத்துளிக் கணக்கினின்றே தொடங்கலாம்.

ஊரார் அவரை அரைப் பைத்தியமென்றே எண்ணினர். அவர் மணம் புரியவில்லை. பாட்டும் பியானோவும் பிள்ளைகளின் சிரிப்பும் அவருக்குத் துணை. இவ்வேலைக்குத் தாம் செலவிட்ட நேரமும் பொருளும் 15,000 டாலர் பெறும் எனவும், அதனால் வந்தது 4,000க்கும் குறைவு எனவும் 1925இல் அவரே ஒரு பத்திரிகைக்காரரிடம் கூறினார். அமெரிக்க வானிலைக் கழகம் 1924இல் அவருக்களித்த ஆராய்ச்சி உதவித்தொகை 25 டாலர். கணக்கப்பிள்ளையின் பேரேட்டில் எழுதினால் இது நட்டம்தான்.

1931 நவம்பரில், வானிலை இலாகாவைச் சேர்ந்த ஹம்ப்ரீஸ் என்னும் பௌதிக அறிஞரின் முகவுரையோடு, 2,000க்கு மேற்பட்ட படங்கள் கொண்ட அவருடைய நூல் வெளிவந்தது. அந்நூல் ஜப்பானில் உக்கிச்சிரோ நக்கயா என்னும் இளைஞர் கைக்கு எட்டிற்று. ஹொக்கைடோ சர்வகலாசாலையில் இருந்த அவர், துகள்களைத் தெரிந்தெடாமல் எல்லாவற்றையும் வகைப்படுத்தினார். 1936ஆம் ஆண்டு மார்ச்சு 12ஆம் நாள், குளிரறையில் ஒரு முயலின் மயிர்நுனியில், மனிதன் செய்த முதல் வெண்பனித் துகளை அவர் வளர்த்தார். இன்ன குளிரில் இன்ன உருவம் என்னும் வரைபடம் அதிலிருந்து பிறந்தது.

பென்ட்லி அதனைக் காண இருந்தாரில்லை. நூல் வெளிவந்த அடுத்த மாதமே, பனிப்புயலில் ஏறத்தாழ ஆறு மைல் நடந்து வீடு சேர்ந்தவர் நுரையீரற் காய்ச்சலுற்றார். டிசம்பர் 23ஆம் நாள், அறுபத்தாறாம் வயதில், தாம் வாழ்ந்த அதே பண்ணைவீட்டில் காலமானார். அவருடைய கண்ணாடித் தகடுகளின் பெருந்தொகுதி இன்று பஃபலோ நகரப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றது.