அந்த கப்பில் யார் வாய் வெச்சாங்க?

போன மாசம் ஆபீஸ் காபி மெஷின் முன்னாடி நின்னுட்டு ஒரு கணக்கு போட்டேன். ஒரு நாளைக்கு 3 காபி, மாசத்துக்கு 22 வேலை நாள். ஆக, 66 பேப்பர் கப். பேர்தான் பேப்பர். உள்ளே மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அதனாலதான் காபி ஒழுகாம நிக்குது. அந்தப் பூச்சுக்காகவே தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1-ல இருந்து இந்த கப்பைத் தடை செஞ்சது. தடை இருக்கு, கப்பும் இருக்கு.

அன்னைக்கு சாயங்காலமே ஒரு ஸ்டீல் மக் வாங்கிட்டேன். ஆனா இஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா? குடிச்சதும் தூக்கிப் போடுற கப்பை முதல்ல எவன் யோசிச்சான், எந்த பிரச்சனைக்குத் தீர்வா யோசிச்சான்னு தேட ஆரம்பிச்சேன்.

1900-களின் தொடக்க அமெரிக்கா. ரயில், பள்ளிக்கூடம், பொதுக் குழாய் எல்லா இடத்திலும் தண்ணிக்குப் பக்கத்துல ஒரே ஒரு தகர கப் சங்கிலியில தொங்கும். வர்றவங்க எல்லாரும் அதுலயே குடிப்பாங்க, நடுவுல கழுவுறதுங்கிற பேச்சே கிடையாது. காசநோய் கொத்துக் கொத்தா ஆளைக் கொன்னுட்டு இருந்த காலம் அது. 1908-ல ஆல்வின் டேவிசன்னு ஒரு உயிரியல் பேராசிரியர், ஒரு பள்ளிக்கூடத்துல 9 நாள் புழங்கின கப்பை மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பார்த்தார். பசங்களோட வாயில இருந்து உதிர்ந்த செல்கள் அதுல அப்பிக் கிடந்துச்சு. அடுத்த வருஷமே கன்சாஸ் மாநிலம் ரயில்ல பொது கப்பைத் தடை செஞ்சது. அதுக்குப் பின்னாடி நின்னவர் சாமுவேல் கிரம்பைன்ங்கிற டாக்டர். ஒவ்வொரு மாநிலமா அந்த வழியில வந்துச்சு.

சரி, கப்பை எடுத்தாச்சு. தாகம் எடுத்தா? சிலர் மடக்குற உலோக கப்பைப் பாக்கெட்ல போட்டுட்டு நடந்தாங்க. அதாவது என் ஸ்டீல் மக்கோட கொள்ளுத் தாத்தா! ஆனா ஜெயிச்சது லாரன்ஸ் லூயெல்லன்ங்கிற பாஸ்டன் வக்கீல். ஒரு சென்ட் போட்டா குளிர்ந்த தண்ணியும் புது பேப்பர் கப்பும் தர்ற மெஷினோட வந்தார். ஹார்வர்டை பாதியில விட்ட ஹியூ மூர் அவரோட கூட்டு சேர்ந்தார். தண்ணி பெருசா விக்கல, கப்தான் வித்துச்சு. அதுக்கு வெச்ச பேர் 'ஹெல்த் கப்'. கவனிங்க, சொகுசுக்காகன்னு சொல்லி அவங்க விக்கல. அடுத்தவன் வாய் மேல இருந்த பயத்தைத்தான் வித்தாங்க, அந்த பயத்துல நியாயமும் இருந்துச்சு. 1918 ஃப்ளூ வந்தப்போ வியாபாரம் எகிறிடுச்சு. 1919-ல பக்கத்துல இருந்த பொம்மை கம்பெனியோட பேரை வாங்கி 'டிக்ஸி கப்' ஆச்சு. (இதே மூர்தான் பிற்காலத்துல, உலகத்துல ஜனத்தொகை அதிகமாகுதுன்னு கவலைப்பட்டு பணம் செலவு பண்ணினார். கப் மலையைப் பத்தி கவலைப்பட்டாரான்னு கேக்காதீங்க.)

இதைப் படிக்கப் படிக்க எனக்கு கன்சாஸ் மறந்துபோய் எங்க தாத்தா ஊர் டீக்கடைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு.

எனக்கு எட்டு வயசு இருக்கும். பெஞ்சுல தாத்தா பக்கத்துல உக்காந்திருந்தேன், கையில கண்ணாடி கிளாஸ். கொஞ்சம் தள்ளி, ரோட்டோரமா ஒரு பெரியவர் நின்னுட்டே குடிச்சார். அவர் கையில மெல்லிசா, வெள்ளையா ஒரு யூஸ் அண்ட் த்ரோ கப். எனக்கு அது புதுசா இருந்துச்சு. எனக்கும் அதுதான் வேணும்னு அடம் பிடிச்சேன். தாத்தா குரலைத் தாழ்த்தி, “அது நமக்கில்லப்பா”ன்னார். பெரியவருக்குக் கேட்டிருக்கும். குடிச்சு முடிச்சு, கப்பை கசக்கிப் போட்டுட்டு போயிட்டார்.

இரட்டைக் குவளை முறையைப் பத்தி நமக்கெல்லாம் தெரியும். தலித் மக்களுக்குத் தனி கிளாஸ், சில ஊர்ல கொட்டாங்குச்சி. அரசியல் சாசனத்தோட 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சாச்சுன்னு சொல்லுது. போராட்டம், வழக்குன்னு வந்தப்போ சில கடைக்காரங்க கண்டுபிடிச்ச வழிதான் அந்த கப். இங்க ரெண்டு கிளாஸே இல்லையே சார், யூஸ் அண்ட் த்ரோதானேன்னு சொல்லிக்கலாம். நோய்க்குப் பயந்து பிறந்த பொருள் எங்க ஊர்ல சாதிக்கு ஒத்தாசை பண்ணிட்டு இருந்துச்சு. நான் அதுக்குப் பக்கத்துல உக்காந்து பால் டீ குடிச்சிருக்கேன்.

இதுக்கப்புறம் என் மக்கும் எனக்கு அவ்வளவு சுலபமா இல்ல. சொந்தமா ஏனம் கொண்டு வந்தாத்தான் டீ ஊத்துவோம்னு சொன்ன ஊர்களும் இருக்கு. நான் பெருமையா பையில தொங்கவிட்டுப் போறதை, வேற ஒருத்தர் தலை குனிஞ்சு எடுத்துட்டு வந்திருப்பார்.

அதனால இப்ப மக் ஆபீஸோட சரி. வெளியில டீ குடிக்கப் போனா எடுத்துட்டுப் போறதில்ல. நேத்து ஓஎம்ஆர்ல வழக்கமான கடையில மாஸ்டர் பழக்க தோஷத்துல பேப்பர் கப்பை எடுத்தார். “அண்ணே, கிளாஸ்லயே குடுங்க”ன்னேன். பக்கத்துல டெலிவரி தம்பி ஒருத்தர் குடிச்சு வெச்ச கிளாஸை எடுத்து, பாய்லர் வெந்நீர்ல ஒரு சுழட்டு சுழட்டி, அதுலயே ஊத்திக் குடுத்தார்.

சூடா இருந்துச்சு, சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.