சிவப்புக் கோட்டில் கொஞ்சம் தங்கம்

2022 ஜனவரி, புனே. எனக்கு ஜுரம். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அடுத்த அறையில். வீட்டுச் சோதனை அட்டையில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. "ஒண்ணும் இல்லைல்ல? கதவைத் தொறப்பா" என்றார் அம்மா. நான் திறக்கவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு ஏதோ சாயம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்படிப்பட்ட அட்டைகள் பலவற்றில் அது நிஜத் தங்கமாம்! சுமார் 40 நானோமீட்டர் துகள்கள். ஒரு மில்லிமீட்டரில் 25,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். ஒவ்வொன்றின் மேலும் ஆன்டிபாடி என்ற புரதம் ஒட்டியிருக்கும். வைரஸைப் பிடிப்பது ஆன்டிபாடி, அதைக் கண்ணுக்குக் காட்டுவது தங்கம். இந்த ஜோடி சேர்ந்த கதை சுவாரசியமானது.

1857-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே, தங்க உப்புக் கரைசலில் பாஸ்பரஸ் சேர்த்து மாணிக்கச் சிவப்பில் ஒரு திரவம் செய்தார். அதில் சாதாரண உப்பைப் போட்டால் நீலமாகிவிடும். துகள்கள் ஒன்றோடொன்று கட்டிக்கொள்வதால் வரும் மாற்றம் அது.

ரிச்சர்ட் ஜிக்மொண்டி 1901-ல் இதை அளந்து பார்த்தார். ஜெலட்டின் போன்ற புரதம் துளி கலந்தால், உப்பு போட்டாலும் சிவப்பு மாறவில்லை. புரதம் தங்கத்தின் மேல் படிந்து காவல் காக்கிறது. எவ்வளவு புரதம் போதும் என்ற அளவுக்கு 'தங்க எண்' என்று பெயர். 1925-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் இவருக்குத்தான். 1912-ல் கார்ல் லாங்கே இதே நிறமாற்றத்தை வைத்து, தண்டுவட நீரைத் தங்கத்தோடு கலந்து, சிபிலிஸ் நோய் நரம்பு மண்டலத்தைத் தாக்கியிருக்கிறதா என்று சோதித்தார்.

கவனியுங்கள், அதுவரை புரதம் தங்கத்துக்குக் காவல்காரன் மட்டும்தான். 1971-ல் ஃபாக், டெய்லர் என்ற இருவர் விஷயத்தைத் தலைகீழாக்கினார்கள். சால்மோனெல்லா கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் தங்கத்தில் ஒட்டவிட்டார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கிருமியின் மேல் கரும்புள்ளிகளாகத் தங்கம் தெரிந்தது. தங்க எண்ணிலிருந்து இந்த யோசனை வர 70 வருஷம் ஆகியிருக்கிறது!

புரதம் தானாகப் படிந்தது என்றால், 1996-ல் அமெரிக்காவில் மிர்கின் குழு டிஎன்ஏ இழையின் நுனியில் கந்தகத்தை வைத்துத் தங்கத்தில் கெட்டியாகக் கட்டியது. தங்கத்துக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு பிடிப்பு. அதே வருஷம் அலிவிசாட்டோஸ் குழுவும் இதைச் செய்தது.

அடுத்தது உலோகக் கலவை. நகைக்குச் செம்பு சேர்ப்பது போல இங்கே வெள்ளி. தங்கத் துகள் 520 நானோமீட்டர் பக்கத்து ஒளியை விழுங்கும், வெள்ளி 400 பக்கம். இரண்டையும் கலந்தால், விகிதத்தைப் பொறுத்து நடுவில் எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம் என்று 1999-ல் எல்-சயீத் குழு காட்டியது. வெள்ளி ஒளியைப் பலமாகச் சிதறடிக்கும், ஆனால் சீக்கிரம் அரிக்கும். தங்கம் அதற்குத் துணை. அடையாளம் பளிச்சென்று தெரிந்தால், கொஞ்சமே இருக்கும் கிருமியும் அகப்படும்.

இப்போது என் கதவுக்கு வருவோம். அந்த ஒற்றைக் கோடு 'அட்டை வேலை செய்கிறது' என்று மட்டும் சொன்ன கோடு. இரண்டாவது கோடு வராவிட்டால் வைரஸே இல்லை என்று அர்த்தமில்லை. கண்ணுக்குத் தெரியும் அளவு தங்கம் அங்கே சேரவில்லை, அவ்வளவுதான். ஜுரம் இருந்ததால் ஆர்டிபிசிஆருக்குக் கொடுத்தேன். மறுநாள் பாசிட்டிவ்.

அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் கதவுக்கு வெளியே ரசம் வைத்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருந்தால், ஜுரத்தோடு ஒரு கோடு வந்தால் கதவைத் திறந்துவிடாதீர்கள்.