இரும்புலை, லிபரேற்றர், சிரிப்பு வாயு: மாத்தளை மண்ணில் ஊட்டப்பட்ட காற்றின் வரலாறு

மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அலுவிகாரையில் தொடங்கி, சிகிரியாவிலே காசியப்பனைக் கண்டு, நாலந்தாவின் கற்றளியை வியந்து, 1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியுடன் முடித்து விடுவர். சமயமும் அரசும் போரும் நிறைந்த அவ்வரலாற்றிலே உற்பத்திக் கருவிகளுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. கருவியைக் கையாண்ட மனிதருக்கோ இடமே இல்லை. மோட்டார் காரொன்றின் டர்போவுடன் நைதரசு ஒட்சைட்டையும் சேர்த்து அதன் வலுவைப் பெருக்கும் இக்கால முயற்சி வரலாற்று மாணவனின் கவனத்துக்கு உரியதன்று என எவரும் எளிதிற் கூறிவிடலாம். ஆயின் அம்முயற்சியின் அடிப்படை இம்மாவட்டத்துக்குப் புதியதன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இம்மண்ணில் நெருப்புக்குக் காற்றை வலிந்து ஊட்டியோர் வாழ்ந்தனர்.

முதற்கண் அடிப்படையைத் தெளிந்து கொள்ளுதல் நன்று. எரிபொருளைக் கூட்டினால் வலு கூடும் என்பது பொதுவான எண்ணம். அது பாதி உண்மையே. ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 இறாத்தல் காற்று வேண்டும். பெற்றோலை எவ்வளவும் ஊற்றலாம். அதற்கேற்ற காற்றை உருளைக்குள் அடக்குவதே அரிது. முசலம் கீழிறங்கும் கணத்தில் வெளியிலுள்ள காற்று தன் சொந்த அமுக்கத்தால் எவ்வளவு உள்ளே நுழையுமோ அவ்வளவே எஞ்சினின் எல்லை. அவ்வெல்லையைக் கடக்க வழிகள் இரண்டு. காற்றை அமுக்கி உள்ளே தள்ளலாம். அன்றேல் ஒட்சிசன் செறிந்த வேறொரு பொருளைக் காற்றுடன் கலக்கலாம். முன்னையது டர்போ; பின்னையது நைதரசு ஒட்சைட்டு.

இவ்விரண்டனுள் முன்னையது மிகப் பழையது. சிகிரியாவுக்கு அண்மையிலுள்ள அலகொலவெவவிலே, தெகிகஹ-அல-கந்த என்னுமிடத்தில் 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த அகழாய்வு பெரியதோர் இரும்புருக்குக் களத்தை வெளிப்படுத்தியது. இலங்கை, சுவீடன் ஆய்வாளர்கள் இணைந்து மேற்கொண்ட அவ்வாய்வு, கி.மு. 2ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வரையான காலத்தை அக்களத்துக்கு உரியதாக்கியது. எனவே 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசியப்பன் குன்றின்மீது மாளிகை எழுப்புவதற்கு மிக முன்னரே அக்குன்றின் சூழலில் உலைகள் எரிந்தன. அம்மாளிகையின் கல்லை உடைத்த உளிகளுக்கும் காட்டை வெட்டிய கோடரிகளுக்கும் வேண்டிய இரும்பு எங்கிருந்து வந்தது என்ற வினா, ஓவியங்களின் அழகிலே மயங்கிய பலருக்குத் தோன்றவில்லை. குன்றின் கண்ணாடிச் சுவரில் வந்துபோனோர் கீறிய பாடல்களைப் பரணவிதான 1956இல் நூலாக்கினார். உலையருகே நின்றோர் எழுதிவைத்தது ஒன்றுமில்லை. அவர்கள் விட்டுச் சென்றவை இரும்புக் கசடும், உடைந்த களிமண் ஊதுகுழாய்களுமே.

ஆயினும் அக்குழாய்த் துண்டுகள் பேசுகின்றன. உலைக்குள் நீட்டிய ஊதுகுழாயின் நுனி இளகிக் கண்ணாடிபோல் ஆவது இரும்புருக்கலில் வழக்கம். காற்று மிகுந்த இடத்தில் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்த இடத்தில் உலையின் சுவரே உருகத் தொடங்கும். நெருப்பைப் பெருக்குவது எளிது, அதனைத் தாங்கும் கலத்தைச் சமைப்பதே அரிது என்பதை அவ்வுலையாளர் நன்கறிந்திருத்தல் வேண்டும். பலாங்கொடைக்குத் தெற்கே, சமனலவெவப் பகுதியில் 7ஆம் நூற்றாண்டு தொடக்கம் 11ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்தோர் மற்றொரு வழியைக் கண்டனர். மலைச்சரிவின் மேற்கு முகத்தில் உலைகளை அமைத்துத் தென்மேற்குப் பருவக்காற்றையே அவற்றுக்கு ஊட்டினர். கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அத்தகைய உலையை 1994இல் மீளக் கட்டி இரும்பை உருக்கிக் காட்டி, அதன் முடிபுகளை 1996இல் வெளியிட்டார். காற்றில்லாத இடத்திலே துருத்தி வேண்டும். துருத்திக்கு ஆள் வேண்டும். கால்களால் மாறி மாறி மிதித்து இயக்கும் தோற்றுருத்தியைக் கொண்டு இலங்கையில் இரும்பு உருக்கிய முறையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார். கலை வரலாற்றாசிரியராக உலகம் போற்றும் அவர் முதலில் கனிப்பொருளாய்வாளராகவே இலங்கையிற் பணிபுரிந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. காற்று விலையின்றிக் கிடைப்பது. அதைத் தள்ளும் உழைப்புக்கு என்றும் விலை உண்டு. அவ்விலையை மிதித்தவனின் கால்கள் செலுத்தின.

மிதிப்பவனின் இடத்தில் எஞ்சின் கழிக்கும் புகையையே இருத்தலாம் என்ற எண்ணம் சுவிற்சலாந்துப் பொறியியலாளரான அல்பிரட் பியூக்கியினுடையது. புகையுடன் வீணாக வெளியேறும் ஆற்றலைக் கொண்டு ஒரு சுழலியைச் சுழற்றி, அச்சுழலியால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்தும் முறைக்கு அவர் 1905இல் உரிமம் பெற்றார். எனினும் இக்கருவி முதலில் வளர்ந்தது வீதியிலன்று, வானத்திலே. மேலே செல்லச் செல்லக் காற்று அடர்த்தி குன்றும். எஞ்சின் மூச்சுத் திணறும். 1918இல் அமெரிக்காவின் பைக்ஸ் சிகரத்தில், ஏறத்தாழ 14,000 அடி உயரத்தில், சான்போட் மொஸ் நடத்திய சோதனை புகழ்பெற்றது. கடல்மட்டத்தில் 350 குதிரைவலு தந்த எஞ்சின் சிகரத்தில் 230ஆகத் தளர்ந்தது. சுழலியைப் பொருத்தியதும் 356 குதிரைவலு தந்தது.

இக்கருவி மாத்தளை மாவட்டத்துக்கு வந்த வரலாறு போரின் வரலாறாகும். 1942 ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பும் 9ஆம் நாள் திருக்கோணமலையும் சப்பானிய விமானங்களால் தாக்கப்பட்டன. பின்னர் இலங்கையின் உலர்வலயக் காடுகளில் விமானத் தளங்கள் எழுந்தன. சிகிரியாவில் எழுந்த தளத்துக்கு 1943இல் பிரித்தானிய அரச விமானப்படையின் 160ஆவது அணி வந்து சேர்ந்து, 1944இல் காங்கேசன்துறைக்குப் பெயர்ந்தது. அவ்வணியின் லிபரேற்றர் விமானங்கள் நீர்மூழ்கிகளைத் தேடி இந்து சமுத்திரத்தின்மேற் பறந்தன. சுமாத்திராவையும் நிக்கோபார்த் தீவுகளையும் படமெடுத்தன. லிபரேற்றருக்கு எஞ்சின்கள் நான்கு. பி-24டி வகையில் ஒவ்வொன்றும் 14 உருளைகளும் 1,200 குதிரைவலுவும் கொண்டது. ஒவ்வொன்றின் அடியிலும் புகையால் இயங்கும் சுழலி ஒன்று. அது நிமிடத்துக்கு 20,000 சுற்றுகளுக்கு மேலாகச் சுழல வல்லது. அலகொலவெவ உலைகள் அவிந்து பதினைந்து நூற்றாண்டுகள் கழிந்தபின், அதே குன்றின் நிழலில், ஊட்டப்பட்ட காற்று மீண்டும் நெருப்பை வளர்த்தது.

இங்கும் கலத்தின் எல்லையே எல்லை. சுழலியின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் தொடக்ககாலக் கருவி எண்ணெயால் இயங்கியது. உயரத்துக் குளிரில் எண்ணெய் இறுகினால் கட்டுப்பாடு தாமதிக்கும். சுழலி தன் எல்லையை மீறும். காற்றை மிகைப்பட ஊட்டின் உருளைக்குள் கலவை வேளைக்கு முன்னரே வெடித்து முசலத்தைத் தாக்கும். ஆதலின் விமானியின் துணிவுக்கு நிகராகத் தரையில் நின்ற திருத்துநரின் செவியும் கையும் வேண்டப்பட்டன. (எஞ்சினுக்குச் சுழலி கிடைத்தது, அவ்வுயரத்தில் மனிதனுக்கோ ஒட்சிசன் குடுவையே துணை.)

இனி, சிரிப்பு வாயு. யோசப் பிறீஸ்லி 1772இல் இதனை முதலிற் பிரித்தெடுத்தார். அம்பிறி டேவி இதைத் தாமே முகர்ந்து பார்த்து 1800இல் நூல் எழுதினார். நகைப்பூட்டும் வாயு என்னும் பெயர் அவராற் பரவியது. 1844இல் ஒரேசு வெல்சு என்ற பல் மருத்துவர் இதனை வலி மறக்கச் செய்வதற்குப் பயன்படுத்தினார். மருத்துவமனையில் அடங்கியிருந்த இவ்வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தியதும் போரே. 1940ஆம் ஆண்டளவில் சேர்மானிய விமானப்படை ஜி.எம்.-1 என்ற பெயரில் இம்முறையைக் கையாளத் தொடங்கியது. காற்றமுக்கியும் கைவிடும் பேருயரத்திலே, கொள்கலனிலிருந்து திரவ நைதரசு ஒட்சைட்டை எஞ்சினுக்குள் தெளித்து இழந்த வலுவை மீட்டனர். 1944இல் பிரித்தானியரும் தமது மொஸ்கிற்றோ இரவுப் போர் விமானங்கள் சிலவற்றில் இதனைப் பொருத்தினர். சிகிரியாவின் லிபரேற்றர்களுக்கு இது வேண்டியிருக்கவில்லை. சுழலியே அவற்றுக்குப் போதியதாயிற்று.

நைதரசு ஒட்சைட்டு தானே எரிவதில்லை. பலர் இதனை ஒருவகை எரிபொருள் என மயங்குவது தவறு. எஞ்சினின் உயர்வெப்பத்தில் அது நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகின்றது. சாதாரண காற்றின் நிறையில் 23 வீதமே ஒட்சிசன். இவ்வாயுவில் 36 வீதம். அன்றியும் திரவநிலையிலிருந்து ஆவியாகும்போது அது சூழவுள்ள காற்றைக் கடுமையாகக் குளிர்விக்கின்றது. குளிர்ந்த காற்று செறிவானது. டர்போவுடன் இதனைச் சேர்ப்பதன் பொருத்தமும் இங்கேயே உள்ளது. சுழலி சுழலப் புகை வேண்டும். புகை பெருக எஞ்சின் விரைய வேண்டும். அதனால் மிதியை அழுத்தியதும் ஒரு கணம் ஒன்றும் நிகழாது. பின்னர் திடீரென வலு பாயும். அவ்விடைவெளியை நைதரசு ஒட்சைட்டு நிரப்புகின்றது. அது பெருக்கிய புகை சுழலியையும் விரைந்து எழுப்புகின்றது. அத்துடன் சுழலி அமுக்கியதாற் சூடேறிய காற்றையும் தணிக்கின்றது.

போர் முடிந்தபின் இக்கருவிகள் வீதிக்கு இறங்கின. 1962இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெற்ஃபயர், டர்போ பொருத்திய முதற் கார்களுள் ஒன்று. முன்வெடிப்பைத் தடுக்க நீரும் மெதனோலும் கலந்த திரவத்தை அதற்கு ஓயாது ஊட்ட வேண்டியிருந்தது. உரிமையாளர் பலர் அதை நிரப்ப மறந்தனர், கார் மதிப்பிழந்தது. 1970களில் ஐரோப்பியக் கார்கள் சில டர்போவுடன் வந்தன. 1976இல் டேற்றோனா ஓட்டப்போட்டியின் தகுதிகாண் சுற்றிலே, மறைவாக நைதரசு ஒட்சைட்டைப் பயன்படுத்தியமைக்காக முன்னணி ஓட்டுநர் சிலரின் நேரங்கள் நிராகரிக்கப்பட்டன. போர்க்களத்தில் திறமை எனப்பட்டது ஓட்டக்களத்தில் மோசடி எனப்பட்டது.

இலங்கையில் 1977இன் பொருளாதாரத் திறப்பு, சப்பானில் ஓடித் தேய்ந்த கார்களுக்கு வழி திறந்தது. டர்போ பூட்டிய சிறு கார்கள் அவ்வழியே வந்தன. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025இலேயே தனியார் கார்களுக்கு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த காரைக் காப்பாற்றுவதே பலருக்குக் கதியாயிற்று. புதிய எஞ்சினை வாங்க இயலாத நாட்டில் பழைய எஞ்சினிலிருந்து மேலும் பிழிந்தெடுக்கும் ஆசை வளர்வது இயல்பு. ஆனால் உதிரிப்பாகம் அரிதான நாட்டில் உடைந்த எஞ்சினுக்கு ஈடு இல்லை என்பதை அவ்வாசை மறைத்துவிடுகின்றது.

நைதரசு ஒட்சைட்டுடன் அதற்கேற்ற பெற்றோலும் கூடுதலாகச் செல்ல வேண்டும். எரிபொருட் குழாய் அரைகுறையாக அடைபட்டாற்கூட ஒட்சிசன் மிஞ்சி, வெப்பம் ஏறி, அலுமினிய முசலம் சில கணங்களில் உருகித் துளைபடும். டர்போவின் அமுக்கம் ஏற்கெனவே நெருக்கியிருக்கும் உருளைத்தலை அடைப்புக்கு இது இரட்டைச் சுமை. மாத்தளையின் வடபகுதிக்கே சிறப்பாக உரிய இடர் மற்றொன்றுண்டு. 36.4 பாகை செல்சியசுக்கு மேல் நைதரசு ஒட்சைட்டு எவ்வளவு அமுக்கினும் திரவமாக இராது. குளிர்நாட்டில் இவ்வெண் நூலிலே கிடக்கும் எண். தம்புள்ளையின் கோடையில் வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டிக்குள் அது நடைமுறை உண்மை. 20 பாகையில் 50 வளிமண்டல அளவில் நிற்கும் குடுவையின் அமுக்கம் அங்கு 70ஐத் தாண்டும். அளந்து தெளித்த தாரை அளவு தவறும். காப்புத்தகடு கிழிந்து குடுவை வெறுமையாகும். காப்புத்தகடே இல்லாத மலிவுக் குடுவை என்ன செய்யும் என்பது சொல்லாமலே விளங்கும். அத்துணை இடருக்கும் ஈடாகக் கிடைப்பது, 10 இறாத்தற் குடுவையொன்றில் ஒரு சில நிமிட வலுவே.

இவ்வலுவுக்குரிய இடம் மூடிய ஓட்டக்களமேயன்றி, பாடசாலைப் பிள்ளைகளும் மரக்கறி லொறிகளும் செல்லும் தம்புள்ளை வீதியன்று. சிகிரியாவின் பழைய தளம் இன்று இலங்கை விமானப்படையிடம் உள்ளது. இந்நூற்றாண்டில் அப்படையினர் சிகிரியாவில் மோட்டார் ஓட்டப்போட்டிகளையும் நடத்தியுள்ளனர். ஓட்டம் முடிந்ததும் திருத்துநன் தீப்பொறிச் செருகியைக் கழற்றி அதன் வெண்பீங்கானின் நிறத்தைப் பார்க்கிறான். மிக வெளுத்திருந்தால் கலவையில் பெற்றோல் குறைவு. அதன்மேல் அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருந்தால் முசலம் உருகத் தொடங்கிவிட்டது. உலையாளரும் வழிந்த கசடின் நிறத்திலும் இழைவிலுமே உலையின் நலத்தைப் படித்தனர்.

160ஆவது அணியின் நாளேடுகள் இலண்டனிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. எந்நாள் எவ்விமானம் எத்திசை சென்றது என்பதை அங்கே படிக்கலாம். தெகிகஹ-அல-கந்தவின் கசடு அகழாய்வு அறிக்கைகளில் இடம்பெற்றுள்ளது. மாத்தளை, தம்புள்ளை கராஜுகளில் அரைநூற்றாண்டாகச் சப்பானிய எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிய கைகளின் அறிவு இன்னும் அவர்களின் நினைவிலும், எண்ணெய்க் கறை படிந்த கணக்குக் கொப்பிகளிலும் மட்டுமே இருக்கின்றது. அக்கொப்பிகளைத் தேடிச் செல்வதற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடல் கடக்க வேண்டியதில்லை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் பதினாறு மைல்.