சூளைக்கு முன்னும் பின்னும்: தேவதண்டனையின் நியாயம் குறித்து

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல், குயவனைக் களிமண் கேள்வி கேட்கலாமா என்கிறார். கடவுளின் தண்டனை நியாயமா என்று கேட்பவரின் வாயை அடைக்க இதைவிட வசதியான உவமை பிரசங்கிகளுக்குக் கிடைத்ததில்லை. கம்மாபுரம், விருத்தாசலம் வட்டாரத்தில் மட்டும் அது அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாகாது. அங்கே பீங்கான் பொம்மை செய்கிறவர்கள் பிசகிய மண்ணைத் தண்டிப்பதில்லை. கரைத்து மறுபடி அச்சுக்குக் கொண்டுபோகிறார்கள். எரேமியா 18-இல் வரும் குயவனும் அதைத்தான் செய்கிறான். அடுத்த அதிகாரத்திலோ சுட்ட கலயம் உடைக்கப்படுகிறது. அது இனி ஒட்டாது. இரண்டு அதிகாரங்களுக்கும் நடுவே நிற்பது சூளை. விவாதம் நடக்கவேண்டிய இடமும் அதுவே.

வழக்கமான விவாதம் அளவைப் பற்றியது: எழுபது வருஷப் பாவத்துக்கு முடிவில்லாத நரகமா? குற்றத்தின் கனம் யாருக்கு எதிராகச் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்தது, கடவுள் எல்லையற்றவர், ஆகவே கடனும் எல்லையற்றது என்பது இடைக்கால இறையியலாளர் ஆன்செல்மின் வழிவந்த விடை. மீட்பை விளக்க எழுந்த இந்த வாதம் பின்னர் நரகத்துக்கும் பொருத்தப்பட்டது. தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. ஆண்டையை அடித்தால் ஒரு தண்டனை, பண்ணையாளை அடித்தால் வேறு என்ற கணக்குதானே! நம் சட்டத்திலிருந்து பாடுபட்டு வெளியேற்றிய ஒன்றை மறுமையில் மட்டும் ஏன் நியாயம் என்று ஏற்கவேண்டும்? லூக்கா 12 சிலருக்குக் கூடுதல் அடி, சிலருக்குக் குறைந்த அடி என்கிறது. ஆனால் அது தண்டனையின் கடுமையைத்தான் பிரிக்கிறது, காலத்தை அல்ல.

தவிர, அளவுதான் நியாயம் என்றால் சிலுவையில் கடைசி நேரத்தில் மனம் திரும்பிய கள்வன் பரதீசு போயிருக்கவே முடியாது. அவனைக் காப்பாற்றியது செயலின் எடை அல்ல, இன்னும் மூச்சு இருந்ததுதான். இறந்தபின் மனம் திரும்ப இடமில்லை என்று 8-ஆம் நூற்றாண்டில் தமஸ்கு யோவான் உறுதியாக எழுதினார். ஆக, நித்திய நரகத்தின் அச்சாணி பாவத்தின் கனம் அல்ல. மரணம் என்ற கெடு. அதுதான் அந்தச் சூளை.

இந்தக் கெடுவைச் சைவம் ஏற்பதில்லை. விருத்தகாசி என்று பெயர்பெற்ற விருத்தாசலத்தில் உயிர்விடுகிறவர்களைப் பெரியநாயகி அம்மன் மடியில் கிடத்தி முந்தானையால் விசிறுவாள், ஈசன் காதில் உபதேசம் செய்வார் என்பது தலபுராண மரபு. ஒரு மரபில் கதவு மூடும் கணம், மற்றதில் திறக்கும் கணம். பக்கத்திலேயே கோணான்குப்பத்தில், வீரமாமுனிவரோடு தொடர்புடைய கோயிலில், மாதாவுக்கும் பெரியநாயகி என்றே பெயர். பெயர் மட்டும்தான் எல்லை தாண்டியதா என்று கேட்கத் தோன்றுகிறது.

கெடுவின் கொடுமையை நேரில் கண்டவர் சவேரியார். 1542 முதல் முத்துக்குளித்துறையில் உழைத்தபின் ஜப்பான் போன அவர், நரகத்தில் கிடக்கும் முன்னோருக்கு மீட்பில்லை என்று கேட்டு அங்கே புதுக் கிறிஸ்தவர்கள் அழுததைக் கடிதத்தில் பதிவு செய்தார். சுவிசேஷத்தைத் தம் குற்றமின்றி அறியாதவரும் மீட்படையலாம் என்று 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது அந்த அழுகைக்குத் தாமதமான பதில். ஆனால் அது விதிவிலக்கை விரித்ததே தவிர, கெடுவைத் தொடவில்லை. தொட்டவர் ஆதித் திருச்சபையின் இறையியலாளர் ஓரிசன்: தண்டனை திருத்துவதற்கே, முடிவில் எல்லாம் கடவுளிடம் மீளும் என்றார். 553-இல் இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கத்தை ஒட்டி அவர் கருத்துகள் கண்டிக்கப்பட்டன.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்பார்கள். ஆனால் பீங்கான் தொழிலில் சூளையில் வெந்து உடைந்த சில்லுகளையும் அரைத்துப் புதுக்கலவையில் சேர்ப்பதுண்டு. சுடும்போது சுருக்கம் குறையும். ஓரிசன் பக்கம் நிற்கும் எனக்கு இது தெம்பு தருகிறது, பாதி அளவுக்கு. அரைபட்ட சில்லு பழைய கலயம் அல்லவே. திருந்தி மீள்வது அதே ஆள்தானா என்ற கேள்விக்கு அந்தத் தரப்பு இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.