கணிப்பொறியும் பெருந்திரையும்

1968ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 9ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே கணிப்பொறி வல்லுநர்களின் மாநாடொன்று நடைபெற்றது. மேடையின் ஒரு புறத்திலே டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியியலாளர் அமர்ந்திருந்தார். அவர் விரல்கள் அசைந்தபோது, பின்னால் 22 அடி உயரமான திரையிலே எழுத்துகள் தோன்றின, இடம் மாறின, மறைந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர் அதனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவர் இயக்கிய கணிப்பொறியோ அம்மண்டபத்தில் இல்லை. அது ஏறத்தாழ 30 மைலுக்கு அப்பால், மென்லோ பார்க் என்னும் ஊரிலுள்ள ஸ்டான்போட் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தது.

அக்காலத்துக் கணிப்பொறியை இக்காலத்ததோடு ஒப்பிட்டு நோக்குதல் தவறாகும். துளையிட்ட அட்டைகளைக் கட்டாகக் கொடுத்துவிட்டு, விடை அச்சாகி வரும்வரை காத்திருப்பதே அன்றைய வழக்கம். ஒரு மனிதன் கணிப்பொறியின் எதிரே அமர்ந்து, எழுதவும் திருத்தவும் சிந்திக்கவும் அதனைத் துணையாகக் கொள்வதை வீண்செலவென்று எண்ணியோர் பலர். எங்கல்பார்ட் அவ்வாறு எண்ணவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையில் ராடர்த் தொழில்நுட்பவியலாளராகப் பயிற்சி பெற்றவர் அவர். கருவியொன்று திரையிலே குறிகளை வரைந்து காட்டுமாயின், கணிப்பொறியும் அவ்வாறு காட்டலாம் என்பது அவருக்குப் புதுமையன்று. மனித அறிவாற்றலைப் பெருக்குதல் பற்றி 1962இல் அவர் விரிவான அறிக்கையொன்றை எழுதினார். ஆயினும், எழுத்தினால் அக்கருத்தை உணர்த்த இயலவில்லை. கண்ணாற் கண்டாலன்றி எவரும் நம்பார் என்ற நிலை வந்தது.

காட்டுவது எங்ஙனம்? கணிப்பொறியின் திரை ஒருவர் பார்ப்பதற்கே போதுமானது. ஆசிரியர் கையிலுள்ள சிலேற்றைக் கடைசி வாங்கிலுள்ள மாணவன் படிக்க இயலுமா? அதனைக் கரும்பலகையாக்க வேண்டும். அதற்கு இரு தடைகள் இருந்தன.

முதலாவது, கணிப்பொறியும் தொலைக்காட்சியும் வெவ்வேறு முறையிற் படம் வரைவன. தொலைக்காட்சி, வயலை உழுவது போல, மேலிருந்து கீழாகக் கோடு கோடாகப் படத்தை நிரப்புகிறது. அந்நிலையத்துக் கணிப்பொறியின் காட்சிக்கருவியோ, கையால் எழுதுவது போல, வேண்டிய இடத்துக்குக் கதிரைச் செலுத்தி எழுத்தையும் கோட்டையும் வரைந்தது. ஒன்றின் மொழி மற்றொன்றுக்குப் புரியாது. எங்கல்பார்ட்டின் குழுவினர் இதற்கு எளிமையான வழியொன்றை ஏற்கெனவே கைக்கொண்டிருந்தனர். ஐந்து அங்குலக் கதோட்டுக் கதிர்க் குழாயிலே கணிப்பொறி படத்தை வரையும். வெளிச்சம் புகாதபடி மூடிய உறைக்குள், அக்குழாயின் முன்னே 875 கோடுகள் கொண்ட தொலைக்காட்சிக் கமரா ஒன்று நின்று அதனை நோக்கியபடியே இருக்கும். கமராவிலிருந்து வரும் சமிக்ஞை மேசைமீதுள்ள தொலைக்காட்சிப் பெட்டிக்குச் செல்லும். கணிப்பொறியின் படம் இவ்வாறு தொலைக்காட்சிப் படமாயிற்று. சமிக்ஞையைத் தலைகீழாக்கி, வெண்தாளிற் கரிய எழுத்துப் போலக் காட்டவும் முடிந்தது. பெரும் பொறியியல் நூல்களில் இடம்பெறத்தக்க நுட்பமன்று. ஆயினும் இத்தகைய கைவினை இல்லாமற் போயிருந்தால் அன்றைய காட்சியே இல்லை.

இரண்டாவது தடை ஒளி. குழாயின் முகத்தில் எழும் ஒளி, பெரிய மண்டபத்துத் திரையை நிரப்பப் போதாது. இதற்கு விடை சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது. சூரிச் நகரத்துத் தொழில்நுட்ப உயர்கல்லூரிப் பேராசிரியரான பிரிட்ஸ் பிஷர் 1939இல் வகுத்த எய்டொபோர் என்னும் எறிகருவியே அது. கிரேக்க மொழியில் அப்பெயர் உருவத்தைச் சுமப்பது எனப் பொருள்படும். பிஷர் 1947இற் காலமானார். கருவி அவருக்குப் பின்னரே நிறைவு பெற்றது.

அதன் இயக்கம் வியப்புக்குரியது. காற்று நீக்கிய அறையினுள்ளே குழிவான ஆடியொன்று மெல்லச் சுழலும். அதன்மீது மெல்லிய எண்ணெய்ப் படலம் பரவியிருக்கும். இலத்திரன் கதிர் அப்படலத்தின்மீது படத்தைக் கோடு கோடாக மின்னேற்றமாக எழுத, எண்ணெய் நுண்ணிய அலைகளாகச் சுருங்கும். வலிமை மிக்க விளக்கொன்றின் ஒளி, வரிசையாக அமைந்த ஆடிப் பட்டைகளிற் பட்டு எண்ணெயை அடையும். எண்ணெய் சமமாக உள்ள இடத்திலிருந்து ஒளி வந்த வழியே திரும்பிவிடும். அங்கே திரை இருளாகும். சுருங்கிய இடத்திலோ ஒளி விலகி, பட்டைகளின் இடைவெளியூடே சென்று திரையை அடையும். ஒளி விளக்கினது; இலத்திரன் கதிர் அதற்கு வாயில்காப்போன் மட்டுமே. ஆதலால் விளக்கை எவ்வளவு பெரிதாக்கினாலும் படம் அவ்வளவு பிரகாசமாகும். கருவியோ அலுமாரி அளவினது, விலை மிக்கது, எண்ணெய் ஆவியால் அதன் எதிர்முனை பழுதுறும், பழகிய வல்லுநர் அருகிருக்க வேண்டும். அமெரிக்க விண்வெளி நிறுவனம் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தி வந்தது. எங்கல்பார்ட்டுக்கு அதன் ஏம்ஸ் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை இரவலாகக் கொடுத்தது.

எஞ்சியது தூரம். இப்பொறுப்பைத் தாங்கியவர், முதல் மவுஸ் கருவியை மரத்தாற் செய்த பில் இங்கிலிஷ். மென்லோ பார்க்கிலிருந்து இரு நுண்ணலைத் தொடர்புகள் படத்தைச் சுமந்து, இடையிலுள்ள மலைமுகட்டில் நிறுத்திய ஊர்தியின் வழியாக நகரை அடைந்தன. எங்கல்பார்ட் அழுத்திய விசைகளும் மவுஸின் அசைவும், குழுவினர் தாமே செய்த 1200 போட் வேகக் கருவியின் மூலம் தொலைபேசிக் கம்பி வழியே திரும்பிச் சென்றன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் ஆயிரம் வல்லுநர் முன்னே இருண்ட திரைதான் எஞ்சும். ஆராய்ச்சிக்குக் கிடைத்ததோ அரசாங்கப் பணம். அவ்விருளுக்குப் பின் அது தொடர்ந்து கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

சங்கிலி அறவில்லை. 90 நிமிடம் காட்சி நடந்தது. மனைவி சொன்ன கடைச் சாமான்களின் பட்டியலை எங்கல்பார்ட் வகைப்படுத்திக் காட்டினார். ஒரு சொல்லைச் சுட்டி மற்றோர் ஏட்டுக்குத் தாவினார். மென்லோ பார்க்கிலிருந்த சகாவின் முகத்தைத் திரையின் ஒரு மூலையிற் கொணர்ந்து, இருவரும் ஒரே ஏட்டைப் பார்த்தபடி உரையாடினர். படம் யாவும் தொலைக்காட்சிச் சமிக்ஞையாக இருந்தமையாலேயே, மண்டபத்தின் பின்புறத்திலிருந்த இங்கிலிஷ் முகத்தையும் எழுத்தையும் ஒன்றாகக் கலக்க முடிந்தது. முடிவிற் சபையோர் எழுந்து நின்று கைதட்டினர்.

அச்சபையிலிருந்த அலன் கே, பின்னர் செரொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ட்டோ ஆராய்ச்சி நிலையத்தில் தனியாள் கணிப்பொறியை உருவாக்கியோருள் ஒருவரானார். இங்கிலிஷும் 1971இல் அங்கே சென்றார். எங்கல்பார்ட்டின் ஆய்வுகூடமோ ஆதரவு குன்றி, எழுபதுகளின் பிற்பகுதியில் வேறொரு நிறுவனத்தின் கைக்கு மாறியது. 1997இல் அவருக்கு டியூரிங் விருது கிடைத்தது. 2013இல் அவர் மறைந்தார்.

எய்டொபோரை 1990களில் திரவப் பளிங்கு எறிகருவிகள் அகற்றின. கணிப்பொறிக்கும் எறிகருவிக்கும் இடையிலுள்ள மொழிச் சிக்கல் மட்டும் முற்றாக அகலவில்லை. 1982இல் வெளிவந்த கொமடோர் 64 போன்ற பழைய கணிப்பொறிகளைப் பேணுவோர், அவற்றை இன்றைய எறிகருவிகளுடன் இணைக்கும்போது படம் நடுங்குவதையும் சில வேளை தோன்றாமலே போவதையும் காண்கின்றனர். அப்பொறிகள் அனுப்பும் கோடுகளின் ஒழுங்கைப் புதிய எறிகருவி பிறிதொன்றாகப் பொருள்கொள்வதே காரணம். இடையே சிறு மாற்றிப் பெட்டியொன்றை வைக்கின்றனர். மென்லோ பார்க்கில் இருட்டுறைக்குள் நின்ற கமரா செய்த வேலையை இன்று அப்பெட்டி செய்கிறது.